மனநல இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்: தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் 18 வயதைத் தாண்டிய ஒருவருக்கு, மனநோயாலோ அறிவுசார் குறைபாட்டாலோ, முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுகிறது. இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று முடிவு செய்துவிட்டீர்கள். அந்த முடிவு சரியா தவறா என்று இங்கே பேசப் போவதில்லை. முடிவெடுத்த பிறகு எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பது மட்டும்தான்.

என் அண்ணன் 11 வருடமாக இல்லத்தில் இருக்கிறார். இப்போது இருப்பது இரண்டாவது இல்லம். முதலாவதை ஏன் விட்டோம் என்பது 6-ஆம் பகுதியில் வரும். அதற்குப் பிறகு பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு துணைக்குப் போயிருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். யாரோ சொன்ன இல்லத்துக்குப் போய், தோட்டத்தையும் டைல்ஸ் தரையையும் பார்த்துவிட்டு அன்றைக்கே அட்வான்ஸ் கட்டிவிடுகிறார்கள். பணம் கட்டிய பிறகு கேட்கும் கேள்விக்கு யாரும் நிதானமாகப் பதில் சொல்வதில்லை.

1. முதலில் அவருடைய ஒரு நாளை எழுதுங்கள்

இல்லம் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், பல் தேய்க்க யாராவது கூட நிற்க வேண்டுமா, குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாரா, எதைப் பார்த்தால் பயப்படுவார், எப்போது கோபம் வரும், எது கொடுத்தால் அடங்கும் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள்.

உங்களுக்குப் பழகிப்போன விஷயம் இல்லத்துக்காரர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு 24 வயது, பேச்சு வராது. சிறுநீர் வந்தால் வலது காதைத் தொடுவாள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் அம்மா அதைச் சொல்லவே இல்லை. இல்லத்தில் காது வலி என்று நினைத்து ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டார்கள். 'தினமும் துணியை நனைக்கிறாள்' என்று பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

அவர் பேசும் மொழியையும் எழுதுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்கள் நிறைய. இரவுப் பணியில் அந்த மொழி தெரிந்த ஒருவராவது இல்லாவிட்டால், வயிற்று வலி என்று சொல்வதுகூடப் 'புலம்பல்' ஆகிவிடும்.

2. தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆதார், யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை), மருத்துவமனைக் கோப்பு, கடைசி ஆறு மாத ரத்தப் பரிசோதனை முடிவுகள். இவை எல்லாவற்றிலும் இரண்டு நகல். யூடிஐடி இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகை, இல்லச் சேர்க்கை என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

மருந்துச் சீட்டில் மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. டாக்டரிடம் கேட்டு, ஒவ்வொரு மாத்திரைக்கும் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். காரணம் பிறகு வருகிறது.

யார் கையெழுத்துப் போடலாம் என்பதில் பல குடும்பங்கள் குழம்புகின்றன. பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் பெற்றோர் என்ற முறையில் கையெழுத்துப் போடும் சட்ட உரிமை முடிந்துவிடுகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். அவர் பெயரில் சொத்து இருந்தால், நியமனம் பெற்ற 6 மாதத்துக்குள் அதன் பட்டியலையும், பிறகு வருடாவருடம் கணக்கையும் காட்ட வேண்டும்.

மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 'நியமனப் பிரதிநிதி' என்ற ஏற்பாடு இருக்கிறது. சிகிச்சை விஷயத்தில் தனக்குத் துணையாக நிற்க அவரே தேர்ந்தெடுக்கும் ஆள்தான் அது. வெள்ளைத் தாளில் அவரே எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். அவர் தெளிவாக இருக்கும் நாளில் இதைச் செய்துவிடுங்கள். முற்றிய பிறகு செய்ய முடியாது.

3. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள்

இல்லத்துக்குப் போன் செய்யும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறீர்கள்?'

மனநோய் உள்ளவர்களைத் தங்கவைக்கும் இடம், 2017 சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இரண்டு வகையினரும் இருந்தால் இரண்டு பதிவையும் கேளுங்கள். 'டிரஸ்ட் பதிவு இருக்கு' என்பது இதற்குப் பதில் ஆகாது. டிரஸ்டை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்.

சான்றிதழைக் கையில் வாங்கி, முடியும் தேதியையும் எத்தனை பேருக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். 30 பேருக்கு அனுமதி வாங்கிய இடத்தில் 50 பாய் சுருட்டி வைத்திருந்தால், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. 'விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்' என்றால், வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய் அந்த இல்லத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அரை நாள் போகும். போனால் போகட்டும்.

ஓர் எச்சரிக்கை. குடி மறுவாழ்வு மையம், பிரார்த்தனைக் கூடம் என்ற பெயரில் மனநோயாளிகளையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. செலவு குறைவு, கேள்வி குறைவு என்பதால் ஆட்கள் போகிறார்கள். காலில் சங்கிலி போடுவதை 2017 சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. 'ராத்திரிக்கு மட்டும்தான்' என்று சொன்னாலும் குற்றம் குற்றம்தான்.

4. கட்டணத்துக்கு முன்னால் தூரத்தைப் பாருங்கள்

நீங்கள் மாதம் ஒரு முறையாவது போய்வரக் கூடிய தூரம் எது? பென்னாகரத்திலிருந்து சென்னையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் முதல் வருடம் நாலு தடவை போகிறார்கள், அடுத்த வருடம் ஒரு தடவை. யாரும் வராத ஆள் என்று தெரிந்தால் கவனிப்பு தானாகக் குறையும். இல்லத்துக்காரர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை, ஆள் பற்றாக்குறையில் யார் கேட்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் கை போகும்.

ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெங்களூரு கைக்கெட்டும் தூரம். அங்குள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் வைத்தியம் பார்ப்பவர்கள் அங்கேயே இல்லம் தேடுவதும் உண்டு. தவறில்லை. ஆனால் பதிவும் புகாரும் கர்நாடக அரசின் கீழ் வரும், தமிழ்நாட்டு உதவித்தொகை விஷயத்தை முன்கூட்டியே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

5. மூன்று முறை போய்ப் பாருங்கள்

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். அது அறிமுகத்துக்கு மட்டும். இரண்டாவது முறை சொல்லாமல் மதியம் மூன்று மணிக்கு. மூன்றாவது முறை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இருட்டும் நேரத்தில்.

ஏன் மூன்று மணி? காலையில் எல்லா இல்லமும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். சாப்பாடு முடிந்து, பார்வையாளர் யாரும் வராத அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் தரம் தெரியும். நாலு பேர் காகிதக் கவர் ஒட்டுகிறார்கள், ரெண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு கேரம் ஆடுகிறார்கள் என்றால் நல்லது. அத்தனை பேரும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து டிவியைக்கூடப் பார்க்காமல் இருந்தால், மாத்திரை அளவு பற்றியே முதலில் கேட்க வேண்டும்.

கட்டடத்தை விட்டுவிட்டு ஆட்களின் உடம்பைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது கால் நகம். முகத்தையும் சட்டையையும் விருந்தாளி வருகிறார் என்று பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். கால் நகத்தையும் குதிகால் வெடிப்பையும் அப்படி ஒப்பேற்ற முடியாது. அப்புறம் பல் துலக்கும் பிரஷ். ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி, ஈரத்தோடு இருக்கிறதா? ஒரு இடத்தில் 20 பிரஷ் வரிசையாக மாட்டியிருந்தது, பார்க்க அழகாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து, முள்ளில் தூசி படிந்திருந்தது.

எல்லோருக்கும் மொட்டையா, எல்லோருக்கும் ஒரே சீருடையா என்று பாருங்கள். 2017 சட்டத்தின் 20-ஆம் பிரிவு கட்டாய மொட்டையைத் தடுக்கிறது. சொந்தத் துணி போட்டுக்கொள்ளும் உரிமையும் அதிலேயே இருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய்த் துணியோ நாப்கினோ கேட்காமலே கிடைக்க வேண்டும் என்பதும் அங்கேதான். சமையலும் கூட்டுவதும் தங்கியிருப்பவர்களே செய்கிறார்களா? விருப்பத்தோடு செய்தால் நல்லதுதான். ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது, வேலைக்குக் கூலி தர வேண்டும்.

கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். கதவு இருக்கிறதா, உள்ளே தாழ் போட்டாலும் வெளியிலிருந்து அவசரத்துக்குத் திறக்க முடிகிறதா, தரை வழுக்குகிறதா? பினாயில் வாடை தூக்கலாக அடித்தால் இப்போதுதான் ஊற்றியிருக்கிறார்கள்.

நம் மாவட்டங்களுக்கு மட்டுமான ஒரு கேள்வி: குடிக்க எந்தத் தண்ணீர்? தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதா, போர் தண்ணீரையே குடிக்கிறார்களா என்று கேளுங்கள். 'காய்ச்சித்தான் கொடுக்கிறோம்' என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. 20 வருடம் அங்கேயே குடிக்கப் போகிறவர் மூட்டு வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவராகவும் இருக்கலாம்.

ஞாயிறு சாயங்காலம் போவது ஆள் எண்ணிக்கைக்காக. இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 'இருக்கிறார்கள்' வேறு, 'விழித்திருக்கிறார்கள்' வேறு.

6. மாத்திரை எப்படிப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்

அண்ணன் இருந்த முதல் இல்லத்தில் நடந்தது இது. மருத்துவமனையில் சீட்டு மாற்றி எழுதியபோது, அதே ஒலான்சபின் (மனநோய்க்கான மருந்து) மாத்திரை வேறு கம்பெனிப் பெயரில் வந்தது. இல்லத்தில் பழைய அட்டையை நிறுத்தாமல் புதியதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெயர் வேறு, நிறம் வேறு, அதனால் வேறு மருந்து என்று நினைத்துவிட்டார்கள். நான் போனபோது அண்ணன் மூன்றாவது நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தார். 'இப்பதான் அமைதியா இருக்கார்' என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அதனால், மாத்திரை கொடுக்கும் நேரத்தில் ஒரு நாள் கூட நில்லுங்கள். ஆளுக்கு ஒரு டப்பா, ஒரு சார்ட் இருக்கிறதா? விழுங்கியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுகிறார்களா, மாதக் கடைசியில் மொத்தமாகவா? ஒரே பேனா, ஒரே சாய்வில் 30 கையெழுத்து இருந்தால் விடை தெரிந்துவிடும்.

உங்களவர் சாப்பிடும் மருந்துக்கு ஏற்பக் கேள்வி மாறும். லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவை எப்போது பார்க்கிறார்கள்? கோடையில் தண்ணீர் குறைந்தால் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. க்ளோசபின் என்றால் வெள்ளை அணுப் பரிசோதனை தவறக் கூடாது, மலச்சிக்கலையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுவாக இந்த வகை மருந்துகளில் உடல் எடையும் சர்க்கரையும் ஏறும். எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதா, போன மாத எடை எழுதியிருக்கிறதா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

சில மருந்துகள் விழுங்குவதையும் மந்தமாக்கும். களி உருண்டை நம் வீட்டுச் சாப்பாடுதான், ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குத் தொண்டையில் அடைக்கும். சின்னதாகக் கிள்ளி, குழம்பு நிறைய ஊற்றி, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கொடுக்க வேண்டும்.

7. மோசமான நாளைப் பற்றிக் கேளுங்கள்

'இங்கே கடைசியாக யாருக்காவது வலிப்பு வந்தது எப்போது? என்ன செய்தீர்கள்?' இப்படி நடந்ததைக் கேளுங்கள். 'வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் புத்தகப் பதில்தான் வரும். ஒருக்களித்துப் படுக்கவைத்தோம், நேரம் பார்த்தோம், 5 நிமிடம் தாண்டியதால் 108-ஐக் கூப்பிட்டோம் என்று சொன்னால் அந்த ஆள் செய்தவர். கையில் சாவி கொடுத்தோம் என்றால் செய்யத் தெரியாதவர்.

அதேபோல, யாராவது வெளியே ஓடிப்போனது, விழுந்தது, அடித்தது. 'இங்கே அப்படி எதுவுமே நடந்ததில்லை' என்று சொல்லும் இல்லத்தை நான் நம்ப மாட்டேன். நடக்காத இடம் இருக்காது. எழுதி வைக்காத இடம்தான் இருக்கும்.

கட்டி வைப்பது பற்றி நேராகவே கேளுங்கள். மனநல இல்லத்தில் உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவர் அனுமதியோடு, குறைந்த நேரத்துக்கு மட்டும்தான் அது முடியும். தண்டனையாகவோ ஆள் இல்லாத குறைக்காகவோ கூடாது. தனியறையில் பூட்டி வைப்பது அறவே கூடாது.

8. பணமும் ஒப்பந்தமும்

மாதக் கட்டணத்தில் எது அடங்கும், மருந்து, டயப்பர், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, வெளியே எடுத்தால் டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வந்துகொண்டிருந்தால், ஏடிஎம் கார்டை இல்லத்தில் கொடுக்காதீர்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். சேர்ப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

9. ஒத்திகை பார்த்துவிட்டுச் சேருங்கள்

காரில் ஏற்றி 'ஒகேனக்கல் போகலாம்' என்று சொல்லிக் கூட்டிவந்து விட்டுப்போன ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகியும் யார் கார் வந்தாலும் அவர் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். பொய் சொல்லாதீர்கள். புரியும் மொழியில், இன்ன இடம், இத்தனை நாள் கழித்து வருவேன் என்று சொல்லுங்கள். சொன்ன நாளில் வாருங்கள்.

முதலில் ஒரு பகல், பிறகு இரண்டு இரவு, பிறகு ஒரு வாரம். அவருடைய போர்வை, தட்டு, பிடித்த சாமி படம் கூடப் போகட்டும். முதல் பகுதியில் எழுதிய இரண்டு பக்கத்தை வார்டனிடம் மட்டும் கொடுக்காமல், இரவு ஆயாவிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

மனநோய் உள்ளவர் சம்மதிக்காதபோது குடும்பம் மட்டும் கையெழுத்துப் போட்டுச் சேர்க்க முடியாது. நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அதுவும் 30 நாள் வரைதான். அதற்கு மேல் மனநல மறுஆய்வு வாரியம் (இப்படிப்பட்ட சேர்க்கைகளையும் புகார்களையும் பரிசீலிக்க அதே சட்டப்படி அமைந்த குழு) பார்க்க வேண்டும். 'ஆயுசுக்கும் நாங்க பார்த்துக்கிறோம், ஒரு கையெழுத்து போதும்' என்று எந்த இல்லமாவது சொன்னால், சட்டம் தெரியாத இல்லம் என்று அர்த்தம்.

10. சேர்த்த பிறகுதான் வேலையே

மாதம் ஒரு முறை போங்கள், ஒரே தேதியில் போகாதீர்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எடை, நகம், உடம்பில் காயம், பேச்சில் மாற்றம், என்ன துணி போட்டிருந்தார். ஆறு மாதம் கழித்து ஏதாவது சந்தேகம் வந்தால் ஞாபகத்தை யாரும் ஏற்க மாட்டார்கள், நோட்டை ஏற்பார்கள்.

திடீரென்று எடை குறைவது, குளிக்கப் பயப்படுவது, ஒரு குறிப்பிட்ட பணியாளர் வந்தால் சுருங்குவது, உள்ளாடையில் கறை. இவற்றை 'அவங்க நோயே அப்படித்தான்' என்று யாரும் சமாதானம் சொல்ல விடாதீர்கள். அன்றே வெளியே டாக்டரிடம் காட்டுங்கள். போனில் பேசவோ பார்க்கவோ விடாமல் 'செட்டில் ஆகட்டும்' என்று வாரக்கணக்கில் தள்ளினால், மனநல இல்லத்தில் அது 2017 சட்டத்துக்கு எதிரானது. போனும் பார்வையாளரும் அவருடைய உரிமை.

புகார் என்றால் முதலில் இல்லத்துக்கு எழுத்தில், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி. அப்புறம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அல்லது மறுஆய்வு வாரியம். வாரியத்தின் முகவரியை மனநல இல்லம் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் எண் கிடைக்கும், அதைப் பத்திரமாக வையுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. அடி, பாலியல் தொல்லை என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம். ஆளை முதலில் வெளியே எடுங்கள், நேராகப் போலீஸ்.

பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ வீட்டுக்கு அழைத்துவரும்போது, தங்கும் நாட்களுக்கு உண்டான மாத்திரையோடு இரண்டு நாளுக்குக் கூடுதலாக எண்ணி வாங்குங்கள். பண்டிகை நேரத்தில் எல்லா மெடிக்கலிலும் அந்த மருந்து கிடைக்காது. திரும்பக் கொண்டுவிடும்போது மிச்சத்தை வார்டன் முன்னால் எண்ணிக் கொடுத்து, நோட்டில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.